புளிப்பக்கா போடாத கையெழுத்து

எங்கள் ஆய்வகத்தில் அவளுக்குப் புளிப்பக்கா என்று பெயர். நான் வைத்ததுதான். ஈஸ்ட் வளர்த்து, அது தண்ணீரை எவ்வளவு புளிக்க வைக்கிறது என்று மீட்டரில் பார்த்து எழுதுவது இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். "பொருத்தமாத்தான்டி வச்சிருக்கே" என்று சிரித்துவிட்டாள்.

அந்தப் புளிப்புக்குக் காரணம் ஒரு நொதி. ஈஸ்ட் செல்லின் மேல்சவ்வை உள்ளும் புறமுமாகப் பத்துத் தடவை ஊடுருவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். செல்லின் சக்தியைச் செலவழித்து, புளிப்பைத் தரும் புரோட்டான்களை வெளியே தள்ளும் பம்ப் அது. போன புரோட்டான் திரும்பி வரும்போது சாப்பாட்டையும் உள்ளே கூட்டிக்கொண்டு வரும். பட்டினி நேரத்தில் நொதியின் வாலே அதற்குப் பிரேக்; சர்க்கரை வந்தால் பிரேக் விடும். நான் இதைப் புத்தகத்தில் படித்தேன், அக்கா கைப்பழக்கத்தில் தெரிந்துகொண்டாள்.

புதிதாக வந்த ஆராய்ச்சியாளர் அந்த நொதியில் ஓர் இடத்தை மாற்றி ஒரு ஈஸ்டை உருவாக்கினார். பம்ப் செத்துவிட்டது, சர்க்கரை போட்டும் புளிக்கவில்லை என்று கட்டுரையும் எழுதிவிட்டார். அக்காவின் நோட்டிலோ அதே ஈஸ்ட் நன்றாகப் புளித்திருந்தது. உடனே, அவள்தான் குடுவையை மாற்றிவிட்டாள் என்றார். துறைத் தலைவர் ஒரு கடிதத்தை டைப் செய்து நீட்டினார்: 'என் கவனக்குறைவால் ஆய்வு முடிவு தவறாகிவிட்டது.' கையெழுத்துப் போட்டால் பாத்திரம் கழுவும் பிரிவுக்கு மாற்றம், போடாவிட்டால் வேலையே போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு குடுவையைக்கூட லேபிள் ஒட்டாமல் விட்டவளில்லை அவள்!

"போட மாட்டேன் சார்," என்றாள் அக்கா. "இந்த பம்ப் இல்லாம ஈஸ்ட் உயிரோடவே இருக்காது. உங்க தட்டுல தளதளன்னு வளர்ந்து நிக்குதே, அது என்ன ஆவியா?"

ஆராய்ச்சியாளர் முறைத்தார். "உங்களுக்கு என்னம்மா தெரியும்?"

"கழுவத் தெரியும். ஈஸ்டைக் கடைசியா எதுல கழுவுனீங்க?"

"பஃபர்லதான்."

"எவ்வளவு கெட்டியான பஃபர்?"

பஃபரின் வேலையே வருகிற புளிப்பையெல்லாம் விழுங்குவது. புளிக்கப் புளிக்க மீட்டரில் எண் இறங்க வேண்டும்; பஃபரில் ஈஸ்டை மிதக்கவிட்டால் எப்படி இறங்கும்? பக்கத்தில் சாதாரண ஈஸ்டையும் வைத்துப் பார்த்திருந்தால் அதுவும் புளித்திருக்காது, அன்றே குட்டு வெளிப்பட்டிருக்கும். மனிதர் சோம்பல்பட்டு, சாதாரண ஈஸ்டுக்கான எண்ணை அக்காவின் பழைய நோட்டிலிருந்தே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்!

"உங்க ஈஸ்ட், உங்க குடுவை, உங்க கை," என்ற அக்கா தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் எதையும் தொடல. காய்ச்சி வடிச்ச தண்ணில மூணு தடவை கழுவிட்டு சர்க்கரை போடுங்க."

போட்டார். ஆறு என்றிருந்த எண் மளமளவென்று இறங்கிப் பத்து நிமிடத்தில் நாலரைக்கு வந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா, போனது போகட்டும். நீங்க போய் வேலையைப் பாருங்க."

அக்கா நகரவில்லை. மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்து, அடியிலிருந்த தன் பெயரை மட்டும் அடித்தாள். பேனாவை ஆராய்ச்சியாளர் பக்கம் நீட்டினாள்.

"நல்லாத்தான் டைப் அடிச்சிருக்காங்க சார், பேப்பரை ஏன் வீணாக்கணும்? நீங்க போடுங்க."