தானாக வந்த தகவல்

கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுத்தீவன கம்பெனியில் முதலாளிக்கு உதவியாளராக இருக்கிறேன். எங்கள் கம்பெனிக்கு எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் ஒருவர் வந்தார். ஆர்க்கிடெக்ட் என்றதும் முதலாளி அவரை நேராக குடோனுக்குக் கூட்டிப்போனார்.

"ஏனுங்க, இந்தக் கூரை மழைக்கு ஒழுகுதுங்க. மொதல்ல இதப் பாருங்க."

தான் வரைவது கட்டடத்தை அல்ல, நிறுவனத்தை என்று அவர் பொறுமையாக விளக்கினார். யாரிடம் என்ன அறிவு இருக்கிறது, அது எந்த வழியாக யாருக்குப் போகிறது என்பதையெல்லாம் படமாகப் போட்டுத் தருவாராம். முதலாளி தலையாட்டினார்.

எங்கள் உற்பத்தி மேலாளரும் விற்பனை மேலாளரும் சகலைகள். ஒரு கல்யாணப் பந்தியில் யாரை முதலில் உட்காரச் சொன்னார்கள் என்பதில் தகராறாகி, அன்றிலிருந்து பேச்சில்லை. விற்பனைக்காரர் ஆர்டர் விவரத்தைத் தன் மனைவியிடம் சொல்வார். அந்த அம்மா தன் அக்காவுக்கு போன் போடுவார். அக்கா, சோறு போடும்போது உற்பத்திக்காரரிடம் சொல்லிவிடுவார். காலையில் சரியான மூட்டை லாரியில் ஏறும்.

"ஆர்டர் தகவல் உங்களுக்கு எப்படி வருது?" என்று ஆர்க்கிடெக்ட் கேட்டார்.

"அது தானா வந்துருமுங்க" என்றார் உற்பத்தி மேலாளர்.

ஆர்க்கிடெக்ட் 'தானியங்கி' என்று எழுதிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டு, "சார், அவங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லீங்க" என்றேன்.

"ஆர்க்கிடெக்சர்ல மனுஷங்க வரமாட்டாங்கம்மா. பதவிதான் வரும்" என்று சிரித்தார். படத்தில் அந்த இரண்டு பதவிகளின் பெட்டிகளுக்கும் நடுவே பச்சையாக, தடிமனாக ஒரு கோடு விழுந்தது.

மழைக்காலத்தில் அக்கா தங்கைக்குள் சண்டை. அக்கா எடுத்துக்கொடுத்த பட்டுப்புடவையைத் தங்கை நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டாளாம். போன் நின்றது. கன்றுக்குட்டித் தீவனம் கேட்ட பொள்ளாச்சி வியாபாரிக்குக் கறவைமாட்டுத் தீவனம் போய் இறங்கியது. அவர் போனில் திட்டிய திட்டில் எனக்குக் காது கூசியது. மேலாளர்கள் இருவரும் தனித்தனியே என்னிடம் வந்து, அடுத்தவர்மேல் பழி சொல்லிவிட்டுப் போனார்கள்.

முதலாளி ஆர்க்கிடெக்டைப் போனில் கூப்பிட்டார்.

"படத்துல அந்தக் கோடு பச்சையாத்தானே சார் இருக்கு?" என்றார் அவர்.

முதலாளி போனை வைத்தார். பழமும் பூவும் வாங்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, முதலில் அக்கா வீட்டுக்கும் பிறகு தங்கை வீட்டுக்கும் போனார். "அம்மிணி, உங்க கோவத்துல என்ற கம்பெனி முழுகுது" என்று கைகூப்பினார். தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயே அக்காவுக்கு போன் போட்டாள். புடவைக் கதை முடிந்து ஆர்டருக்கு வருவதற்குள் நாங்கள் இரண்டு முறை காபி குடித்தோம். மறுநாள் சரியான மூட்டையோடு லாரி கிளம்பியது.

அடுத்த மாதம் 'அறிவுப் பகிர்வு' என்று ஆர்க்கிடெக்ட் ஒரு பயிற்சி நடத்தினார். எங்கள் கம்பெனியையே வெற்றிக்கு உதாரணமாகக் காட்டினார். சகலைகள் இருவரும் முன்வரிசையில், நடுவே ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்து, எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்கள்.