அம்மன் கரைத்த மஞ்சள்

போன வாரம் எங்கள் பொம்மனஹள்ளித் தெருவில் ஒரு அபார்ட்மெண்டுக்குப் போர்வெல் போட்டார்கள். ரிடையர் ஆனவனுக்கு அதைவிட நல்ல வேடிக்கை எது? காலையிலிருந்து அங்கேயே நின்றேன். சேறு பீய்ச்சி அடித்து, மெல்லத் தெளிந்தது. தெளிந்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது. அந்த மஞ்சளை முன்பே பார்த்திருக்கிறேன்.

சோதனைக்குத் தண்ணீர் பிடிக்க வந்த பெண் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். "குரோமியம் மாதிரி தெரியுது அங்கிள். இங்க பிளேட்டிங் ஷெட் எதாச்சும் இருந்துச்சா?"

இருந்ததே! சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் ஸ்கூட்டர் பம்பருக்கும் பளபளப்பு ஏற்றும் ஷெட். அந்த நெடி மூக்கை அரிக்கும். எதிரே லேத் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வெளியே காயவைத்த பம்பரில் முகம் பார்த்துத்தான் தலை வாருவேன். இப்போது வாருவதற்கு ஒன்றுமில்லை, அதை விடுங்கள். கழுவிய தண்ணீரைப் பின்னால் ஒரு குழியில் விடுவார்கள். சாயந்திரத்துக்குள் மண் குடித்துவிடும். குடித்ததோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

இரண்டு தெரு தள்ளி எங்கள் அம்மன் கோயில், அதை ஒட்டி ஒரு கைப்பம்பு. ஒரு ஆடி மாதம் அதில் தண்ணீர் மஞ்சளாக வந்தது. பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தாவே மஞ்ச கரைச்சுக் குடுக்கிறா." அப்புறம் கேட்க வேண்டுமா? அந்த வருஷம் மஞ்சள் நீராட்டுக்கு யாரும் மஞ்சள் வாங்கவில்லை. தெருவே குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டது.

விடியற்காலையிலிருந்து அடித்துக் கொடுத்தவள் என் அக்கா. புருஷன் விட்டுப் போனவள் என்று வளைகாப்புக்குக்கூட அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். கார்மெண்ட்ஸ் வேலை, வீடு, கோயில், அவ்வளவுதான் அவள் உலகம். திருவிழா முடிவதற்குள் அவள் கைகளில் வட்ட வட்டமாகப் புண் வந்தது.

"தண்ணி எடுத்த கையிலயே முத்து போட்டிருக்கா பாரு" என்றார்கள். கூப்பிடாதவர்களெல்லாம் வந்து அவள் காலில் விழுந்தார்கள். வேப்பிலை கட்டி, தினமும் அதே தண்ணீரைத்தான் கையில் ஊற்றினோம். புண் குழி விழுந்தது. துணி பிடிக்க முடியாமல் வேலையும் போனது. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

"ஷெட்டை மூடி எவ்ளோ வருஷமாச்சேம்மா" என்றேன், பாட்டில் பிடித்திருந்த பெண்ணிடம்.

"ஈயம்னா மண்ணுல ஒட்டிக்கிட்டு அங்கயே கிடக்கும் அங்கிள். இந்த மஞ்ச குரோமியம் அவ்வளவா ஒட்டாது. அடியில தண்ணி எங்க போவுதோ, கூடவே போவும்."

"கையில பட்டா?"

"புண்ணாவும்."

சின்னப் பெண், சாதாரணமாகச் சொல்லிவிட்டு மூடியைத் திருகினாள்.

மறுநாள் லிங்கராஜபுரத்துக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஷெட் இருந்த இடத்தில் இன்று மொபைல் கடை. கைப்பம்பைப் பிடுங்கிவிட்டார்கள். ரோட்டை அகலப்படுத்தியதில் கோயிலும் போய்விட்டது. அக்கா தன் கைத் தழும்புகளைத் தடவிப் பார்த்தாள்.

"அப்போ அன்னிக்கு எங்கிட்ட வந்தது அவ இல்லியாடா?"

அந்த ஒரு ஆடி மாதம்தான் அவளுக்கென்று இருந்தது. அதுவும் போச்சு.