அக்காவின் வலது கால்

இந்த நாட்டில் முன்பின் தெரியாத பெண்மணிகள் தினமும் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். டொரொன்டோவில் ஒரு கிளினிக்கில் கால்களை ஸ்கேன் செய்வது என் வேலை. ஊரில் கால் நரம்பு சுருண்டுவிட்டது என்போமே, அந்த இரத்தக் குழாய்களைத்தான் பார்க்கிறேன். பாவாடையை முழங்காலுக்கு மேல் ஏற்றியதும் 'சாரி' என்பார்கள். வந்த புதிதில் ஒரு வயதான அம்மா, என் கால்களுக்காக மன்னித்துக்கொள் என்றார். நோயைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, இது உங்கள் தப்பில்லை, நிறையப் பேருக்கு வருவதுதான் என்று ஆறுதல் சொன்னேன். அவர் என்னையும் பார்த்தார், தன் காலையும் பார்த்தார், முகம் சிவந்துபோனது. காலில் முடி மழிக்காமல் வந்ததற்குத்தான் மன்னிப்பு என்று கூட வேலை செய்கிறவள் பிறகு சொல்லிச் சிரித்தாள். இப்போது யார் சாரி சொன்னாலும் பரவாயில்லை என்று மட்டும் சொல்கிறேன். அலுத்துவிட்டது.

வேலை கஷ்டமான ஒன்றல்ல. காலில் இறங்கிய இரத்தம் மேலே ஏற வேண்டும். ஏறியது திரும்ப விழாமலிருக்கக் குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. அவை பழுதானால் இரத்தம் கீழேயே தேங்கும், கால் வீங்கும், தோல் கறுக்கும், கடைசியில் புண்ணாகும். நோயாளியை ஒரு மேடையில் ஏற்றி, சுவரிலுள்ள கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். பாரத்தை ஒரு காலில் போட்டு மற்றதைத் தளர விட வேண்டும். தளர்ந்த காலில் ஜெல் தடவி, கருவியை வைத்து, கெண்டைக்காலை அமுக்கி விடுவேன். மேலே போன இரத்தம் திரும்பி விழுந்தால் திரையில் நிறம் மாறும். இந்த நோயாளிகளை எங்கள் கிளினிக்கில் மத்தியானத்துக்குப் பிறகுதான் வரச் சொல்வார்கள். நாள் முழுக்க நின்ற கால்தான் உள்ளதைக் காட்டும். படுத்து எழுந்த கால் நோயை ஒளித்துவிடும்.

இதையெல்லாம் ஊருக்குப் போன் போட்டு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. என் அக்கா சரோஜாவுக்கு இலங்கையில் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற வேலை. அம்மா இறந்த பிறகு வேலைக்குப் பேர் பதிந்து மலைக்குப் போனவள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள். நான் படித்தேன், விமானம் ஏறினேன். அவளுடைய வலது கணுக்காலுக்கு மேலே ஒரு புண், ஆறுவதும் திறப்பதுமாகப் பல வருடமாக இருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் களிம்பு கொடுப்பார்கள். அதன் மேல் துணியைச் சுற்றி, அட்டைக் கடிக்காகக் காலுறையும் போட்டுக்கொண்டு அவள் மலையேறுவாள். போன வருடம் ஒரு டாக்டர் நல்லவிதமாகப் பார்த்து, ஸ்கேனில் இரத்தம் திரும்பி விழுவது தெரிந்தால் ஆபரேஷனுக்குப் பேர் போடலாம் என்று சொன்னார். அவள் கால் குணமாகிவிட்ட மாதிரியே நான் சந்தோஷப்பட்டேன், சீக்கு தீரப்போகிறது என்று.

ஸ்கேனில் பெரிய குறை ஒன்றுமில்லை என்று வந்தது. பழைய களிம்பையே தொடரச் சொல்லிவிட்டார்கள். எனக்கு நம்ப முடியவில்லை. அந்தக் காலை நான் பார்த்திருக்கிறேன். வீடியோவில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஸ்கேனுக்கு முந்தி என்னக்கா பண்ணுன?"

"என்னா பண்ணுனேன்? ரெண்டு நாளு வேலைக்குப் பேரு போடாம லயத்துலயே படுத்துக் கெடந்தேன். காலுக்குக் கீழ கம்பிளிய சுருட்டி வச்சு ஒசத்திக்கிட்டேன். வீக்கமெல்லாம் வத்திருச்சு. விடியக்காலையில சோப்புப் போட்டுத் தேய்ச்சு, எண்ணெ வச்சுத்தான் போனேன்."

"ஏங்க்கா அப்பிடி?"

"பின்ன? டாக்டருமாரு பாக்குற காலு புள்ள. யானைக்கால் மாதிரி கொண்டுபோயி நீட்டச் சொல்றியா? தோட்டத்து ஆளுங்கன்னா இப்பிடித்தான்னு நெனைக்க மாட்டாங்களா?"

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவளைத் திட்டவும் முடியவில்லை. எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோரும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்துவோம். இருமல்காரர்கள்கூட உள்ளே போகும் முன்பு வாசலிலேயே இருமித் தீர்த்துவிட்டுப் போவார்கள். அழுக்கென்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான். கிளினிக்கில் அந்த வயதான அம்மா கேட்ட மன்னிப்பு எனக்கு அன்றுதான் சரியாக விளங்கியது.

கிடைத்த லீவைப் போட்டுக்கொண்டு போனேன். நுவரெலியா டவுனில் சாயங்காலம் ஸ்கேன் எடுக்கிற ஓர் இடத்தில் நேரம் எடுத்தேன். ஸ்கேன் நாள் விடிந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த தங்கச்சி என்ன சொல்வாள்? இன்றைக்கு ஒருநாள் ஓய்வெடு என்பாள். நானோ, இன்றைக்குக் கட்டாயம் வேலைக்குப் போ, உட்காராதே, துணி சுற்றாதே என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு போனாள். மழைத் தூறலில் அவள் மேட்டில் ஏறுவதை லயத்து வாசலில் நின்று பார்த்தேன். கையில் சூடான தேத்தண்ணி இருந்தது. குடிக்க மனம் வரவில்லை.

சாயங்காலம் கொழுந்தை எடை போட்ட கையோடு அவளை ஆட்டோவில் ஏற்றினேன். கால் தண்ணீர் கோர்த்துப் பளபளவென்று இருந்தது, விரலிடுக்கில் மண். "கழுவவாச்சும் விடேன்" என்று வழியெல்லாம் கெஞ்சினாள். கடைசியில் டவுனில் ஒரு பைப்படியில் மண்ணை மட்டும் கழுவ விட்டேன்.

ஸ்கேன் எடுத்தவள் ஒரு சிங்களப் பெண், பொறுமைக்காரி. அக்காவை நிற்க வைத்து, "அம்மே, ககுல புருல் கரன்ன" என்றாள். காலைத் தளர விடுங்கள் என்று அர்த்தம். அக்காவுக்கு அது விளங்கும். ஆனால் கால் விளங்கிக்கொள்ளவில்லை. ஒரு காலில் பாரம் போடச் சொன்னால் இரண்டையும் ஊன்றுகிறாள். திரையில் ஒன்றும் தெளிவாக வரவில்லை. அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். இந்த முறையும் போய்விடும் என்று எனக்குப் பயம் பிடித்தது.

"அந்தக் கால சும்மா விடுக்கா."

"விட முடியல புள்ள. மலையில ரெண்டு காலையும் ஊனலேன்னா உருண்டுருவோம். பழகிப்போச்சு."

பிடித்துக்கொள்ள அங்கே கம்பியும் இல்லை. நான் போய் அவளுடைய இடது பக்கம் நின்றேன். "எம்மேல சாஞ்சுக்க. முழுசா சாஞ்சுக்க. விழுந்தா ரெண்டு பேரும் விழுவோம்" என்றேன். முதலில் தயங்கினாள். பிறகு மெதுவாகச் சாய்ந்தாள். கொழுந்து வாசமும் ஈரக் கம்பளி வாசமுமாக அவள் பாரம் மொத்தமும் என் தோளில் இறங்கியது. இத்தனை வருடத்தில் அவள் என் மேல் சாய்ந்தது அதுதான் முதல் தடவை. வலது கால் தளர்ந்தது. அந்தப் பெண் கெண்டைக்காலை அமுக்கி விட்டாள். ஏறிய இரத்தம் திரும்பி விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. எத்தனையோ கால்களில் பார்த்ததுதான். அக்காவின் காலில் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆபரேஷன் நாள் வருவதற்குள் என் லீவு முடிந்துவிட்டது. நல்லபடியாக நடந்தது. இப்போது நான் வேலைக்குக் கிளம்பும் காலைநேரத்தில், அங்கே சாயங்காலம், அக்கா வீடியோவில் வருகிறாள். முகத்தைக் காட்டுவதில்லை, நேராகப் புண்ணைத்தான் காட்டுகிறாள். அது சுருங்கி வருகிறது. போன வாரம் புண் சரியாகத் தெரியாததால், பழக்கதோஷத்தில், "அந்தக் கால்ல ஊனாம நில்லுக்கா, நல்லாப் பாக்கணும்" என்றேன்.

"ஊனாம எப்பிடி நிக்குறது? சாயுறதுக்கு நீ இங்கயா இருக்க?" என்று சிரித்தாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனை வைத்தேன்.

அன்று மத்தியானம் முதலில் வந்த பெண்மணி மேடையில் ஏறி நின்று சாரி என்றார். பரவாயில்லை என்றேன். அவர் லேசாகத் தள்ளாடினார். என் தோள் தானாக முன்னே போனது. இங்கே அப்படிச் செய்யக் கூடாது. பின்னுக்கு நகர்ந்து, சுவரிலுள்ள கம்பியைக் காட்டினேன்.