பதினான்கு ஊசியும் என் கால்களும்

நயினாதீவு அம்மாளை நம்பி வாழும் அடியவர்களுக்கு இதைச் சொல்ல எனக்குப் பல வருடம் பிடித்தது. எனக்குக் கால் இரண்டும் இயங்காமல் விழுந்தது எழுபத்து நான்காம் ஆண்டு ஆடி மாதம். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மகளுக்கு மூன்று.

எங்கள் வீடு புங்குடுதீவு மடத்துவெளியில். கணவர் அம்பாந்தோட்டையில் கடை வைத்திருந்தார். நயினாதீவுத் திருவிழாவுக்கு அவர் வந்து நின்ற நேரம், வீட்டு வளவுக்குள் புகுந்த ஒரு நாய் என் கெண்டைக்காலைக் கவ்வியது. அவர்தான் அதைப் பிடித்து இழுத்தார். அவருடைய விரலில் ஒரு பல் கீறியது. மூன்றாம் நாள் அந்த நாய் நுரை தள்ளிச் செத்தது.

விசர்நாய்க் கடிக்கு அப்போது தொப்புளைச் சுற்றிப் பதினான்கு நாள் ஊசி. இருவரும் தினமும் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். ஐந்தாம் ஊசியோடு அவர் நிறுத்திவிட்டார்.

"எனக்குக் கீறல்தானே. கடையைப் பூட்டிவைச்சிட்டு எத்தினை நாள் நிக்கிறது? நீர் எல்லா ஊசியையும் போடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மறிக்கவில்லை.

கடைசி ஊசி போட்ட மறுநாள் பாதங்கள் விறைத்தன. அதற்கடுத்த நாள் பாயிலிருந்து எழும்ப முடியவில்லை. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை. சலமும் போகவில்லை. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் கிடத்தினார்கள்.

நாயின் விஷம் ஏறிவிட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் தண்ணீரை நீட்டிவிட்டு, அதைக் கண்டு பயப்படுகிறேனா என்று என் முகத்தையே பார்த்தார்கள். நான் குடித்தேன். அப்படியும் மாமி மகளைக் கிட்ட விடவில்லை. பிள்ளை வாசலில் நின்று அழுதது. செத்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஒரு பெண் டொக்டர் வந்தார். கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, ஒவ்வொன்றாகக் கேட்டார். என் உள்ளங்காலில் சாவியால் கீறிப் பார்த்தார். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார். பிறகு சொன்னார்:

"இது விசர் இல்லை. அந்த ஊசிமருந்து ஆட்டின்ர மூளையில இருந்து செய்யிறது. சில பேருக்கு உடம்பு அதை எதிர்க்கிறன் எண்டு தன்ர நரம்பையே எதிர்க்கும். நரம்புக்கு மேல இருக்கிற உறை பழுதாப் போகும். அதுதான் கால் சொல்லுக் கேக்குதில்லை."

"நான் நடப்பனோ, டொக்டர்?"

"இப்ப சொல்ல ஏலாது. கனபேர் எழும்பியிருக்கினம்." எழும்பப் போனவர் திரும்பினார். "உம்மோட வேற ஆரும் கடிபட்டதோ?"

"இவருக்கு ஒரு கீறல்."

"அவர் எல்லா ஊசியும் போட்டவரோ?"

இல்லை என்று சொன்னால் அவரைப் பிடித்துவந்து மிச்சத்தையும் போடுவார்கள். அவரும் என்னைப் போலக் கிடப்பார். பிள்ளையை யார் பார்ப்பது?

"ஓம்" என்றேன்.

அதன்பிறகு இரவும் பகலும் அம்மாளைக் கும்பிட்டேன். என் பிள்ளையைத் தூக்கி நடக்க எனக்குக் காலைத் தா, தாயே. அது ஒன்றைத்தான் கேட்டேன். ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இடது பெருவிரல் அசைந்தது. புரட்டாதியில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாதிமார் சிரித்தார்கள். நான் அழுதேன்.

அந்தக் கிழமையே அம்பாந்தோட்டையிலிருந்து தந்தி வந்தது. அவருக்குக் காய்ச்சலாம். தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகுகிறதாம். நான் போய்ச் சேருவதற்கு வழியில்லை. இரண்டாம் நாள் அவர் உயிர் போய்விட்டது.

ஒன்பது மாதம் நான் விளக்கேற்றவில்லை. அம்மாள் என்னை ஏமாற்றிவிட்டாள் என்று கோபித்தேன். உண்மையில் கோபம் என்மேல்தான். அடுத்த ஆனியில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு குறிகட்டுவான் துறைக்குப் போய் நயினாதீவுக்கு வள்ளம் ஏறினேன். சந்நிதியில் நின்று நான் சொன்ன பொய்யை வாய்விட்டுச் சொன்னேன். பிறகு யாழ்ப்பாணம் போய் டொக்டரிடமும் சொன்னேன்.

"அந்த ஊசி உம்மைக் கிடத்தினது உண்மை. அது இல்லாட்டி நீரும் அவரைப் போலப் போயிருப்பீர் எண்டதும் உண்மை. ரண்டையும் ஊரில சொல்லும்" என்றார்.

அன்று தொடக்கம் எங்கள் தீவில் யாரை நாய் கடித்தாலும் நான் அந்த வீட்டுக்குப் போகிறேன். வலது கால் இன்னும் இழுக்கிறது. அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பயம் நியாயம்தான் என்று சொல்லி, கடைசி ஊசிவரை பக்கத்தில் இருக்கிறேன். இதுவரை ஒருவரும் சாகவில்லை. இதற்காகத்தான் அம்மாள் கால் தந்தாள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் தந்தவள் அவள்தான்.

உங்கள் துன்பத்தையும் அவளிடம் கொண்டுபோங்கள். அவள் கேட்பாள். வைத்தியர் கேட்கும்போது மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.