கையில் கொடுத்த கத்தி

என் தம்பியின் வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் போனதற்கு நான்தான் காரணம். எல்லாரும் சொல்வதுபோல் அது விபத்து அல்ல. நான் செய்து கொடுத்த மடக்குக் கத்தி சில வேளைகளில் சொல்லாமல் மடங்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன்.

கோபத்தில் அல்ல... பகையிலும் அல்ல. அன்ரன் எனக்கு ஒரே தம்பி. கடலில் அந்தக் கத்தி தாங்குமா, தாங்காதா என்று அறிய எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்! இதைவிடக் கேவலமான ஒரு காரணம் உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

நான் ஊர்காவற்றுறையில் தையல்கடை வைத்திருப்பவள். ஒரு பொருளைக் கழற்றி உள்ளே பார்க்காவிட்டால் சிறுவயதிலிருந்தே எனக்குச் சோறு இறங்காது. அம்மாவின் மணிக்கூடு, அப்பாவின் ரேடியோ, ஊரார் தைக்கக் கொண்டுவந்த குடைகள்கூட என்னிடம் தப்பியதில்லை. ஒருநாள், எங்கோ குளிர்தேசத்தில் ஒருவர் மடக்குக் கத்தி செய்வதைக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். அலகை விரித்ததும் 'டக்' என்றொரு சத்தம். அது எங்கிருந்து வருகிறது? அன்று வெட்ட எடுத்த சட்டைத்துணியைப் பிழையாக வெட்டினேன்.

உங்களுக்கும் சொல்கிறேன். பிடிக்குள்ளே மெல்லிய உருக்குத் தகடு ஒன்று இருக்கிறது. அலகை விரித்தவுடன் அது பாய்ந்துபோய் அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் நின்றுகொள்ளும். விரலால் தள்ளினால்தான் விலகும். அது நிற்கும்வரை அலகு மடங்காது; அதுதான் பூட்டு. சங்கதி இவ்வளவுதான். ஆனால் இந்த 'இவ்வளவு'க்கு எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் போயிற்று!

மரம் அரியும் பழைய வாளை வெட்டி அலகு எடுத்தேன். துளை போடப் போனால் துளையூசிகள் முறிந்தன. சூடேறினால் உருக்கின் வலு போய்விடும் என்று தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து அராவினேன். பிடிக்கு வைரம் பாய்ந்த பனைமரத் துண்டு வைத்தேன். நடுஆணியை இறுக்கினால் அலகு அசையாது; தளர்த்தினால் விழப்போகிற பல்லைப்போல ஆடும். உப்புக்காற்று வேறு... காலையில் மினுக்கி வைத்ததில் மாலையில் துரு பூத்திருக்கும். பைத்தியம் பிடிக்கவில்லையா என்று கேட்கிறீர்களா? பிடித்தது. சந்தோஷப் பைத்தியம்.

எல்லாம் முடிந்து, பூட்டுத் தகட்டின் முனையை அராவும்போது கொஞ்சம் கூடிவிட்டது. தையல் என்றால் பிரித்துத் தைக்கலாம். உருக்கில் அராவியது போனதுதான். தகடு நிற்கத்தான் செய்தது. ஆனால் அலகின் விளிம்பில், ஒரு நூல் அளவுக்கு மட்டும். 'டக்' என்ற சத்தமோ நன்றாகவே கேட்டது.

அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து அழுத்திப் பார்த்தேன். தாங்கியது. மறுபடியும் தாங்கியது. பிறகு ஒரு தடவை வழுக்கிக்கொண்டு மடங்கியது. ஏன்? எப்போது? எத்தனை விதமாக அழுத்தியும் எனக்குப் பிடிபடவில்லை. வீட்டு மேசையில் வைத்து எதை அறிவது... ஈரம் வேண்டும், உப்பு வேண்டும், இழுக்கிற கயிறு வேண்டும்.

அன்ரன் கடலுக்குப் போகிறவன்.

அவனுடைய பிறந்தநாளன்று கத்தியை அவன் கையில் கொடுத்தேன். விரித்தான், மடக்கினான், சின்னப் பிள்ளைபோல மறுபடி விரித்தான். "அக்கா, கடையில வாங்கினதெண்டுதான் சொல்லுவினம்" என்றான். பூட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் கவனமாகப் பிடித்திருப்பான். கவனமாகப் பிடித்திருந்தால் நான் அறிய நினைத்ததை அறிய முடியாதே!

அதன்பிறகு அவனைக் காணும்போதெல்லாம் கேட்டேன், கத்தி எப்படி என்று. "அக்கா இப்ப என்னை விசாரிக்கிறேல்லை, கத்தியைத்தான் விசாரிக்கிறா" என்று மனைவி ஜெசிந்தாவிடம் சொல்லிச் சிரிப்பான். நானும் சிரிப்பேன். உங்களால் இதைத் தாங்க முடிகிறதா? என்னால் அன்று முடிந்தது.

ஒருநாள் படகு இயந்திரத்தின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது. நீருக்குள் கையை விட்டு அறுத்திருக்கிறான். சிக்கிய அலகை வெளியே எடுக்க அதன் முதுகுப் பக்கமாக நெம்பியபோது அது மடங்கி விரல்களில் இறங்கியது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விரல்களை மடக்கும் தசைநார்கள் அறுந்துவிட்டன. தைத்தாலும் முன்போல் வராது என்றார் டொக்டர்.

நான் ஓடிப்போனபோது அன்ரன் வாங்குப் பலகையில் இருந்தான். துணி சுற்றிய கை மடியில் கிடந்தது. கூட வந்த படகுக்காரர் பையில் போட்டிருந்த கத்தியை என்னிடம் நீட்டினார்.

இதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை... நான் முதலில் பார்த்தது அவன் கையை அல்ல. பூட்டை.

கத்தியை விரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். தகட்டுக்கும் அலகுக்கும் நடுவே ஒரு மீன் செதில். அதனால் தகடு முழுதாக வந்து நிற்கவில்லை. இருந்த நூல் அளவும் இல்லாமல் போயிருக்கிறது. அப்பாடா, இதுதானா! எனக்குள்ளே ஒரு மகிழ்ச்சி பொங்கியது. ஆம், மகிழ்ச்சிதான்; வேறு சொல் தேடி உங்களை ஏமாற்ற மாட்டேன். தம்பியின் இரத்தம் என் விரலில் ஒட்டியிருக்க, நான் மகிழ்ந்தேன்.

ஜெசிந்தா அழுதுகொண்டே என் தோளைப் பிடித்தாள்.

"மச்சாள், இந்தக் கத்தியை நீங்கள் அவற்ர கையிலயோ குடுத்தனீங்கள்?"

எங்கள் பக்கத்தில் கத்தியை ஒருவர் கையில் ஒருவர் கொடுப்பதில்லை. கீழே வைக்க வேண்டும். மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் ஏதாவது தீங்கு வரும் என்பார்கள். நான் இதையெல்லாம் நம்புகிறவள் அல்ல. ஆனால் அந்தக் கணத்தில் அந்தக் கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"ஓம், கையிலதான் குடுத்தனான். என்ர பிழைதான்" என்றேன். அழுகையும் வந்தது.

"அக்கா வேணுமெண்டோ குடுத்தவ? விடும்" என்று அன்ரன் மனைவியை அடக்கினான்.

பார்த்தீர்களா, எவ்வளவு கெட்டிக்காரி நான்! செய்த பெரிய குற்றத்தை ஒரு சின்னக் குற்றத்தால் மூடிவிட்டேன். சின்னதை எல்லாரும் மன்னித்தும்விட்டார்கள். தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சுவாமியாரிடமும் அதையேதான் சொன்னேன். "அது மூடநம்பிக்கை பிள்ளை, பாவமில்லை" என்று அனுப்பிவிட்டார். எழுந்து வந்தேன். முழங்காலில் இன்னும் கொஞ்சம் அங்கேயே இருந்திருக்கலாம்... இருக்கவில்லை.

இப்போது அன்ரனால் வலை இழுக்க ஏலாது. அடுத்தவர்களின் படகு கரைக்கு வந்ததும் மீனைத் தரம் பிரித்துப் பெட்டியில் போடுகிறான். சேட்டுப் பொத்தான் பூட்ட ஜெசிந்தா வேண்டும். என்மேல் அவனுக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போன மாதம் கடைக்கு வந்தான். "அக்கா, இடக்கைக்கு ஒண்டு செய்து தருவீங்களோ? தெரிஞ்ச ஒராளின்ர படகில ஏறிப் பாக்கப் போறன்."

மறுக்க வேண்டும் என்றுதான் வாயெடுத்தேன். அதற்குள் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. இடக்கை என்றால் தகடு மற்றப் பக்கம் வரவேண்டும்; பெருவிரல் தள்ளும் இடம் மாறும்; செதில் விழுந்து போக ஒரு வழி விடவேண்டும்... சீ, என்ன பிறவி நான்!

செய்தேன். இந்தமுறை தகடு அலகின் நடுவில் உறுதியாக நிற்கிறது. மேசையில் எத்தனையோ விதமாக அழுத்திப் பார்த்துவிட்டேன், ஒருதரமும் வழுக்கவில்லை.

அவன் வீட்டுக்கு எடுத்துப்போய் நீட்டினேன். அன்ரன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"கீழ வையுங்கோ அக்கா."

வைத்தேன். இடக்கையால் எடுத்து விரித்தான். 'டக்'.

"இப்பச் சரி. இனி ஒண்டும் வராது" என்று சிரித்தான். ஜெசிந்தாவும் சிரித்தாள். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல வேளை எனக்கு வரப்போவதில்லை. நான் ஜெசிந்தா தந்த தேத்தண்ணீரைக் குடித்து முடித்தேன்.

நேற்று அவன் கடலுக்குப் போய் வந்தான் என்று கேள்விப்பட்டேன். கடையைப் பூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். படலையைத் திறக்கும் முன்னே கேட்டுவிட்டேன்.

"கத்தி எப்பிடி?"