பனியில் நின்ற சக்கரவர்த்தி

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்புதான் படித்தேன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொன்றியல் துறைமுகக் கிடங்கில் என்னோடு வேலைசெய்த மன்னார்க் கத்தோலிக்கர், ஒடிந்துவிழும்போல் மெலிந்தவர், இடைவேளையில் ஒரே புத்தகத்தைத்தான் வாசிப்பார். அது பழைய ஜெர்மன் சக்கரவர்த்தி ஒருவரின் வரலாறு. பாப்பரசர் திருச்சபையிலிருந்து விலக்கியதால், மன்னிப்புக் கேட்டு, பாப்பரசர் தங்கியிருந்த கோட்டை வாசலில் அவர் மூன்று நாள் வெறுங்காலோடு பனியில் நின்றாராம். கடைசிக் காலத்தில் சொந்த மகனே முடியைப் பறித்தானாம்.

"உங்கட பாப்பரசர் பொல்லாத ஆள்தான், அண்ணை," என்றேன்.

"அவர் மூண்டு நாளுக்குப் பிறகெண்டாலும் கதவைத் திறந்தவர், தம்பி. என்ர மகள் தன்ர விருப்பத்துக்குக் கலியாணம் கட்டிப்போட்டு வந்து, ஸ்நோவுக்குள்ள நிண்டு பெல் அடிச்சவள். நான் திறக்கேல்லை. இப்ப எங்க இருக்கிறாளெண்டும் தெரியாது."

பக்கத்து நகரமான லவாலில் எனக்குத் தெரிந்த தமிழ் ஆட்களிடம் விசாரிக்கிறேன் என்றாவது நான் சொல்லியிருக்கலாம். கூச்சத்தில் பெட்டிகளை அடுக்கப் போய்விட்டேன்.

2006, மாசி 12.