கறுப்புப் பந்துக்கு எண்ணெய்க் காப்பு

பௌலிங் பந்துகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் உருளும் என்று சொல்பவர்களோடு நான் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை. எங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய் அம்மாவிடம் விட்டுவிடுகிறேன்.

நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் விளையாட்டு மன்றம் மூன்று பௌலிங் பந்துகளை வாங்கியது. எது எப்படிப் போகிறது என்று சோதித்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. நான் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இன்ஜினியர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து கடைசி வகுப்பு வரை உட்கார்ந்திருந்த முதல் ஆள் நான்தான். அதோடு நிற்காமல் கல்லூரியையும் முடித்தேன். இதை நானாக யாரிடமும் சொல்வதில்லை. சிங்கப்பெருமாள் கோயிலில் ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பா எனக்கு முன்பே சொல்லி முடித்திருப்பார்.

மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு ரிசார்ட்டில்தான் பௌலிங் கூடம். பாட்டில் வடிவப் பின்கள் பத்து கோடியில் நிற்க, பந்து அவற்றை நோக்கி உருளும் பலகைப் பாதையில், அதாவது லேனில், முதல் பெரும்பகுதிக்கு மெல்லிய எண்ணெய் பூசியிருப்பார்கள். கடைசிப் பகுதி உலர்ந்திருக்கும். எண்ணெயில் பந்து வழுக்கும், உலர்ந்த இடத்தில் பிடிக்கும். எந்தப் பந்து எங்கே பிடிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சிவப்புப் பந்து பிளாஸ்டிக். அது எங்கேயும் பிடிக்காது. ரேஷன் கடைக் கூட்டத்துக்குள் நுழையும் என் அம்மா மாதிரி, குறுக்கே யார் நின்றாலும் நேர்க்கோடுதான். நீலப் பந்து யூரித்தேன் என்ற ரப்பர் வகை. கையை விட்ட சிறிது தூரத்திலேயே மெல்ல வளையத் தொடங்கிவிடும். திருப்பத்தில் வரும் டவுன் பஸ்ஸைப்போல, எங்கே போகப்போகிறது என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். கறுப்புப் பந்து ரெசின் என்ற பிசின் வகை. அது அப்பாவின் ஆட்டோ. ஜிஎஸ்டி ரோட்டில் சாதுவாக நேரே போய்க்கொண்டிருக்கும். ஓரத்தில் யாராவது கை காட்டினால் போதும், சட்டென்று இடது பக்கம் ஒடியும். கறுப்பை வலது ஓரப் பள்ளத்தை உரசுகிற மாதிரி விட வேண்டும். விழுந்தேவிட்டது என்று பார்ப்பவர்கள் உச்சுக்கொட்டும்போது உள்ளே வெட்டி, முன்வரிசைப் பின்களுக்கு நடுவே புகுந்து, எல்லாவற்றையும் வாரிவிடும்.

இதையெல்லாம் எங்கள் பிரிவின் வெள்ளைப் பலகையில் மூன்று நிறக் கோடுகளாக வரைந்து வைத்தேன். கூடுவாஞ்சேரியிலிருந்து வரும் ஸ்டோர்ஸ் அண்ணன் வந்து நின்று பார்த்தார்.

"இன்னா மேடம், பந்துக்கெல்லாம் ஜாதகம் எழுதினுகிறீங்க?"

"ஜாதகம் இல்லண்ணே. டெஸ்ட் ரிப்போர்ட்."

"உருட்னா உருளப்போவுது. இதுக்கு மூணு கலர்ல கோடு!"

சொன்னாரே தவிர, கறுப்புக் கோட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டுதான் போனார். காரணம் இருந்தது. வெளி ஆலைகளோடு நடக்கவிருந்த போட்டிக்குக் கேப்டன் அவரா நானா என்பது முடிவாகாமல் இருந்தது. விஜயதசமி அன்று இரண்டு பேரும் ஓர் ஆட்டம் ஆடுங்கள், அதிகப் புள்ளி எடுப்பவர் கேப்டன் என்று மேலாளர் சொல்லிவிட்டார். எங்கள் தொழிற்சாலையில் அதுவரை பெண்கள் கோலப் போட்டிக்கு மட்டும்தான் தலைமை தாங்கியிருந்தார்கள். எனக்கு அந்தப் பதவி வேண்டும். அது போதாதென்று, நான் கேப்டன் ஆகிவிட்டேன் என்றே அப்பா ஆட்டோ ஸ்டாண்டில் அறிவித்திருந்தார். தோற்றால் ஸ்டாண்டில் நிற்கும் அத்தனை ஆட்டோவுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும்.

அதன் மூன்று துளைகளுக்கும் விரல் பழகட்டும் என்று கறுப்புப் பந்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஸ்டோர்ஸ் அண்ணன் நீலத்தைக் கொண்டுபோனார். அம்மா என் பந்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, தேங்காயாட்டம் மூணு கண்ணு கீது?"

"பந்தும்மா. உருட்டுனா தூரத்துல நிக்கிற பின்னுங்க உயும்."

"உயுந்தா?"

"மெஷின் திரும்ப நிக்க வைக்கும்."

"அப்பறம்?"

"திரும்ப உருட்டணும்."

"இதுக்காடி உன்ன இன்ஜினியருக்குப் படிக்க வச்சோம்?"

மறுநாள் ஆயுத பூஜை. அரிவாள், மண்வெட்டி, அரிவாள்மனை, ஆட்டோவின் ஸ்பேனர்கள், என் லேப்டாப் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையில் இருந்தன. "இதுவும் என் ஆயுதம்தான்" என்று பெருமையாகச் சொல்லிப் பந்தை நடுவில் வைத்தது நானேதான். வைத்துவிட்டு, ஆட்டோவுக்கு வாழைக்கன்று கட்ட அப்பாவோடு போய்விட்டேன். திரும்பி வந்தபோது பந்துக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி எல்லாம் ஆகியிருந்தது. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் காலைவரை தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். காலையில் ஈரத்துணியால் துடைத்து, மூன்று துளைகளிலும் இருந்த சந்தனத்தை ஹேர்பின்னால் நோண்டி எடுத்தேன். பந்து என்றைக்கும் இல்லாத பளபளப்போடு இருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

வாழைக்கன்று கட்டிய ஆட்டோவில் மூவரும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பௌலிங் கூடத்துக்குப் போனோம். வழியில் கை காட்டிய எல்லோருக்கும் அப்பா பழக்க தோஷத்தில் இடது பக்கம் ஒடித்தார். அம்மா மடியில் பொரியும் சுண்டலும் நிறைந்த பை. கூடத்துக்குள் போனதும் மேலாளர் முதல் ஸ்டோர்ஸ் அண்ணன் வரை எல்லோர் கையிலும் பொரி.

ஆட்டம் தொடங்கியது. ஒரு சுற்றுக்கு இரண்டு வாய்ப்பு; பள்ளத்தில் விழுந்தால் புள்ளி இல்லை. அண்ணன் நீலப் பந்தை உருட்டி நல்ல புள்ளியோடு வந்து உட்கார்ந்தார். நான் கறுப்பை எடுத்து, பலகையில் வரைந்த கோட்டின்படியே வலது ஓரத்தில் விட்டேன். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டே திரும்பினேன். பின்னால் பின் விழுகிற சத்தம் கேட்கவில்லை. பந்து நேராகப் பள்ளத்தில் விழுந்து போயிருந்தது.

மறுபடியும் விட்டேன். "லெஃப்ட்ல ஒடி பாப்பா, லெஃப்ட்ல ஒடி!" என்று அப்பா எழுந்து நின்று கத்தினார். ஒடியவில்லை. மறுபடியும் பள்ளம்.

"மேடம், அந்தக் கோடு எந்த ஊர் லேனுக்குப் போட்டது?" என்றார் அண்ணன், வாயில் பொரியோடு.

பந்து திரும்பி வந்ததும் கையில் எடுத்தேன். தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. திரும்பி அம்மாவைப் பார்த்தேன்.

"அம்மா, பந்துல எண்ணெ தடவுனியா?"

"பின்ன? அருவாளுக்குத் தேச்சேன், மம்பட்டிக்குத் தேச்சேன். இது கருங்கல்லு செலையாட்டம் கீது, இத மட்டும் தேய்க்காம உட்டா நல்லாவா இருக்கும்? அம்மனுக்குக் காப்பு போட்ற மாதிரி போட்டேன்."

"எவ்ளோம்மா போட்ட?"

"ஊத்த ஊத்தக் குடிச்சிகினே இருந்துச்சுடி. பாவம், இன்னா தாகமோ!"

ரெசின் பந்தின் குணமே அதுதான். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் அதற்கு உண்டு. எண்ணெயைக் குடிக்கும், வயிறு நிறைந்தால் பலகையைப் பிடிக்காது. அப்பாவின் ஆட்டோவை ஒரே ராத்திரியில் ரேஷன் கடை அம்மாவாக மாற்றியிருந்தாள் என் தாய்.

நேராகத்தான் போக வேண்டும் என்றால், அதற்கென்றே பிறந்த பந்து இருக்கிறதே என்று, மேலாளர் கொண்டுவந்திருந்த சிவப்பை எடுத்தேன். நிற்கும் இடத்தை மாற்றி நடுவுக்கு வந்தேன். அழகாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஓரிரு பின்கள் மிஞ்சின. ஆனால் மிஞ்சியதைத் தட்டுவதற்கும் சிவப்பு நேராகவே போனது. கொஞ்சம் கொஞ்சமாக அண்ணனை நெருங்கினேன். கடைசிச் சுற்றில் அவர் முன்னால்தான் இருந்தார். நீலத்தையே உருட்டி நாலைந்து பின்களைத் தள்ளியிருந்தால் என் கதை முடிந்திருக்கும்.

அண்ணன் எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கறுப்புப் பந்தை எடுத்தார்.

"அண்ணே, அது வேணாம். அது எண்ணெ குடிச்ச பந்து. திரும்பாது."

"தோ பார்றா! உங்களுக்குத் திரும்பல, எனக்கும் திரும்பக் கூடாதா?" என்றவர், பக்கத்திலிருந்த தன் பிரிவு ஆட்களிடம் சொன்னார்: "மச்சான், வீடியோ எடு. கடைசி பால் ஸ்டைலா போட்டாதான் கேப்டனுக்கு மரியாதி."

"நிஜமாண்ணே. எங்கம்மா தேங்கா எண்ணெ தேச்சிட்டாங்க."

"கத உடாதீங்க மேடம். ஜாதகம் எங்கிட்டயும் கீது." போனைத் தட்டிக் காட்டினார்.

என் கோட்டின்படி, மிகச் சரியாக, வலது ஓரத்தில் விட்டார். என் ரிப்போர்ட்டை அவ்வளவு நம்பிக்கையோடு யாரும் பின்பற்றியதில்லை. பந்து பள்ளத்தில் விழுந்தது. மணிக்கட்டில்தான் கோளாறு என்று கையை உதறிக்கொண்டு இன்னொரு முறையும் அதையே விட்டார். அதுவும் அங்கேயே போனது.

சிவப்பை எடுத்து நேராக உருட்டினேன். தேவைக்கு மேல் இரண்டு பின்கள் விழுந்தன. அப்பா விசில் அடித்தார். மேலாளர் கேப்டன் என்று என் பெயரைச் சொல்லிக் கைகுலுக்கினார். அண்ணன் கறுப்புப் பந்தை மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நெஜமாவே எண்ணெ தேச்சீங்களா?"

"செக்கெண்ணெ தம்பி," என்றாள் அம்மா. "கலப்படமே கெடையாது."

பந்தை வெந்நீரில் போட்டால் குடித்த எண்ணெயை எடுத்துவிடலாம் என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை அண்டாவில் வெந்நீர் வைத்து, துளைகளை டேப் ஒட்டி அடைத்து, பந்தை இறக்கினேன். எண்ணெய் பொட்டுப் பொட்டாகக் கறுப்பு முதுகில் துளிர்த்து மேலே மிதந்து வந்தது. "பாத்தியாம்மா நீ பண்ண வேலைய?" என்றேன்.

"நானா? எண்ணெ தேச்சா தலைக்கு ஊத்தணும். தேச்சது நானு, ஊத்த வேண்டியது நீ. அப்டியே இட்டுகினு போயி ஆடவுட்டுட்டு எம்மேல பழி போட்றியா?"

துளைகளின் டேப்பைச் சரிபார்ப்பதுபோல் அண்டாப் பக்கம் குனிந்துகொண்டேன். சீயக்காய்த் தூளோடு அம்மா அண்டாவை நெருங்கியபோது மட்டும், கேப்டன் என்ற முறையில் குறுக்கே நின்றேன். அம்மா வழக்கம்போல் நேர்க்கோட்டில்தான் வந்துகொண்டிருந்தாள்.